பின்னணிப் படத்துக்கு மேலே ஒரு வரி எழுதுங்கள்

2024 ஜூன் 3

இணையப் பக்கத்தின் தோற்றத்தைச் சொல்கிற சிஎஸ்எஸ் கோப்பில் பின்னணிப் படம் வருகிற ஒவ்வொரு இடத்திலும் அதற்கு மேலே ஒரு குறிப்பு, அதாவது உலாவி தாண்டிவிடுகிற, மனிதருக்கு எழுதுகிற வரி, இருக்க வேண்டும். இது என் கட்சி. ஒரு வரி போதும். அந்தப் படம் ஏன் பக்கத்தின் உள்ளடக்கத்தை எழுதுகிற எச்டிஎம்எல்லில் இல்லாமல் இங்கே இருக்கிறது, அதைத் தூக்கினால் எது கெடும், இந்த இரண்டையும் சொன்னால் சரி.

எச்டிஎம்எல்லில் ஒரு படத்தைப் போட்டால் அதற்கு மாற்றுரை எழுத இடம் இருக்கிறது. படம் வராவிட்டாலும் அது என்ன படம் என்று தெரியும். பின்னணிப் படத்துக்கு அப்படி ஓர் இடமே கிடையாது. கோப்பின் பெயர் மட்டும்தான் சாட்சி. அந்தப் பெயரும் பெரும்பாலும் "பிஜி2-நியூ-ஃபைனல்" என்ற மாதிரித்தான் இருக்கும்.

கொழும்பில் சின்னத் தளங்கள் கைமாறிக்கொண்டே இருக்கும். ஒரு நகைக்கடைக்கோ கல்யாண மண்டபத்துக்கோ ஒரு பிள்ளை தளம் செய்து கொடுக்கும். படிப்பு முடிந்ததும் அது மெல்பேர்னுக்கோ ரொறன்ரோவுக்கோ போய்விடும். அப்புறம் அந்தக் கோப்பு வெள்ளவத்தையில் இருக்கிற என்னைப் போன்ற ஒருவரிடம் வந்து சேரும். நீளமான கோப்பு, நிறையப் பின்னணிப் படங்கள், ஒரு குறிப்புக்கூட இல்லை. எது இன்னும் வேலை செய்கிறது, எது பழைய தீபாவளி விற்பனைக்காகப் போட்டது என்று பிரித்தெடுப்பதற்குள் பொழுது போய்விடும். எழுதிய பிள்ளையில் பிழை இல்லை. குறிப்பு எழுத வேண்டும் என்று யாரும் அதற்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அதனால்தான் இங்கே எழுதத் தொடங்குகிறேன்.

2024 ஜூன் 4

பம்பலப்பிட்டியில் என்னோடு வேலை செய்கிற தம்பி இதை வாசித்துவிட்டு, "அண்ணா, குறிப்பு கிடக்கட்டும், எனக்குப் படமே வரமாட்டன் எண்டுது" என்றான். நியாயமான கேள்வி. படம் வந்த பிறகுதானே குறிப்பு.

முதலில் பார்க்க வேண்டியது முகவரி. தனிக் கோப்பாக இருக்கிற சிஎஸ்எஸ்ஸில் படத்தின் பாதை, அந்த சிஎஸ்எஸ் கோப்பு இருக்கிற இடத்தில் இருந்துதான் கணக்கு. எச்டிஎம்எல் பக்கம் எங்கே இருக்கிறது என்பது அதற்குத் தேவையில்லை. அதே விதியைப் பக்கத்துக்குள்ளேயே ஸ்டைலாக எழுதினால் கணக்கு பக்கத்தில் இருந்து தொடங்கும். ஒரு விதியை இங்கிருந்து அங்கே வெட்டி ஒட்டியதும் படம் காணாமல் போவது இதனால்தான்.

அடுத்தது எழுத்து. விண்டோஸ் லேப்டாப்பில் கோப்புப் பெயரில் பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசம் பார்க்காது. தளம் ஏறுகிற சர்வர் பெரும்பாலும் லினக்ஸ், அது பார்க்கும். வீட்டில் வந்த படம் சர்வரில் வராது. பெயரில் இடைவெளி, அடைப்புக்குறி இருந்தால் முகவரியை மேற்கோள் குறிக்குள் போடுங்கள். அதைவிட நல்லது அப்படிப் பெயர் வைக்காமல் விடுவது.

தம்பியின் பிரச்சினை இவை எதுவும் இல்லை. வெறும் பெட்டிக்குப் பின்னணி கொடுத்திருந்தான். உள்ளே எழுத்து ஒன்றும் இல்லாததால் பெட்டியின் உயரம் பூச்சியம். பின்னணிப் படம் பெட்டியைப் பெரிதாக்காது, பெட்டி இருக்கிற அளவுக்குத்தான் தெரியும். மின்-ஹைட் கொடுத்ததும் படம் வந்தது.

2024 ஜூன் 4, இரவு

ஒன்று விட்டுப்போனது. படம் வராததற்குக் குறிப்பே காரணமாக இருக்கும் சந்தர்ப்பம் உண்டு.

ஜாவாஸ்கிரிப்ட் பழகியவர்கள் கை தன்பாட்டில் // என்று போட்டுவிடும். சிஎஸ்எஸ்ஸுக்கு அந்தக் குறி தெரியாது. /* என்று தொடங்கி */ என்று முடிப்பது மட்டும்தான் குறிப்பு. இரட்டைச் சாய்கோட்டைக் கண்டதும் உலாவி அதை ஒரு பிழையான வரி என்று நினைத்து, அடுத்த அரைப்புள்ளி வரும் வரைக்கும் எல்லாவற்றையும் தூக்கிப்போடும். இப்படி எழுதினால்:

// முகப்புப் படம்
பேக்ரவுண்ட்-இமேஜ்: ... ;

முதல் வரியில் அரைப்புள்ளி இல்லை. ஆகவே இரண்டாவது வரியும் சேர்ந்து போய்விடும். படம் வராது, உலாவி சத்தமும் போடாது. விதிக்கு வெளியே, தெரிவிக்கு (விதி எந்தப் பகுதிக்கு என்று சொல்கிற பெயருக்கு) மேலே இப்படி எழுதினால் இன்னும் மோசம். அந்த வரி தெரிவியோடு ஒட்டிக்கொண்டு முழு விதியும் செல்லாமல் போகும். சாஸ் பாவிப்பவர்களுக்கு // செல்லும், ஏனென்றால் சாஸ் அதை சிஎஸ்எஸ்ஸாக மாற்றும்போது அந்த வரிகளை நீக்கிவிடும். அங்கே பழகிய கையோடு நேரடி சிஎஸ்எஸ்ஸுக்கு வருகிறபோதுதான் மாட்டுவது.

குறிப்புக்குள் குறிப்பும் கூடாது. ஒரு பெரிய பகுதியை மறைக்க /* */ போடுகிறீர்கள், அதற்குள் ஏற்கெனவே ஒரு சின்னக் குறிப்பு இருக்கிறது என்று வையுங்கள். உள்ளே இருக்கிற முதல் */ வந்தவுடனேயே குறிப்பு முடிந்துவிடும். மிச்சப் பகுதி உயிரோடு எழும்பும். மூட மறந்த குறிப்போ எதிர்ப்பக்கம்: அடுத்த */ வரும் வரை, அது இல்லாவிட்டால் கோப்பின் கடைசி வரை எல்லாவற்றையும் விழுங்கும்.

2024 ஜூன் 9

இப்போது எனக்கு மனதில் கிடக்கிற விஷயத்துக்கு வருகிறேன். எந்தப் படம் பின்னணிக்குப் போக வேண்டும்?

ஒரு கல்யாண மண்டபத்தின் தளம் திருத்துவதற்கு என்னிடம் வந்தது. மண்டபத்தின் பெயர் சொல்லவில்லை. முகப்பு முழுக்க ஒரு வடிவான படம், அதற்குள்ளேயே எழுத்து: எத்தனை பேர் இருக்கலாம், சைவச் சாப்பாட்டுக் கட்டணம், தொலைபேசி எண். மூன்று மொழியிலும் எழுதி, ஒரே படமாக்கி, பின்னணியில் போட்டிருந்தார்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய போஸ்டரையே தூக்கித் தளத்தில் வைத்தது போல.

பார்வை இல்லாத அண்ணர் ஒருவர், எனக்கு நன்றாகத் தெரிந்தவர், மகளின் கல்யாணத்துக்கு மண்டபம் தேடிக்கொண்டிருந்தார். அவர் பாவிப்பது என்விடிஏ. 2006 இல் அவுஸ்திரேலியாவில் தொடங்கிய இலவசத் திரைவாசிப்பான். அதோடு வருகிற ஈஸ்பீக் குரல் தமிழையும் வாசிக்கும். அவர் அந்தப் பக்கத்தைத் திறந்தபோது குரல் தலைப்பை மட்டும் சொல்லிவிட்டு நின்றுவிட்டது. பின்னணிப் படத்தைத் திரைவாசிப்பான் தொடுவதே இல்லை. அவர் மட்டில் அந்த மண்டபத்துக்குத் தொலைபேசி எண்ணே கிடையாது. "தம்பி, பக்கம் இன்னும் லோட் ஆகேல்லையோ?" என்று என்னிடம் கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பிறகு எனக்கு இந்த விஷயம் வெறும் நடை சம்பந்தமானதாக இல்லை. படத்தைக் கையால் மறைத்துப் பாருங்கள். பக்கத்தில் ஏதாவது தகவல் குறைகிறதா? குறைந்தால் அது எச்டிஎம்எல்லுக்குரிய படம், மாற்றுரையோடு போட வேண்டும். படத்துக்குள் இருப்பது எழுத்தானால் அதை எழுத்தாகவே எழுத வேண்டும். ஒன்றும் குறையவில்லை, அழகு மட்டும்தான் குறைகிறது என்றால் பின்னணியில் போடலாம்.

இது நகைக்கடைகளுக்கும்தான். இன்றைய பவுண் விலையைப் படமாகப் போட்டால் கூகுளுக்கும் அது தெரியாது, பிரதி எடுத்து வீட்டுக்கு அனுப்பவும் முடியாது.

2024 ஜூன் 10

ஒருவர் கேட்கிறார்: பின்னணிப் படம் உள்ள பெட்டிக்கே "இது ஒரு படம்" என்று திரைவாசிப்பானுக்குச் சொல்கிற ரோல் பண்பும், அதற்கென்றே உள்ள ஏரியா லேபிளில் ஒரு விளக்கமும் கொடுத்துவிடலாமே?

கொடுக்கலாம், திரைவாசிப்பான் வாசிக்கும். கையில் இருக்கிற பழைய தளத்தைக் கெதியாகத் திருத்த அது உதவும். ஆனால் புதிதாகச் செய்கிறபோது அந்தச் சுற்று வழி எதற்கு? முன்பு எல்லோரும் பின்னணியை நாடியதற்கு ஒரே பெரிய காரணம் கவர் என்கிற அளவு. பெட்டி எந்த வடிவமாக இருந்தாலும் படம் நசுங்காமல் நிரப்பும். இப்போது ஆப்ஜெக்ட்-ஃபிட் அதே வேலையைச் சாதாரணப் படத்துக்கே செய்கிறது. மாற்றுரையும் கிடைக்கிறது, நிரப்பலும் கிடைக்கிறது. திரை அளவுக்கு ஏற்ற கோப்பை உலாவியே தெரிவு செய்கிற வசதியும், கீழே உருட்டும்போது மட்டும் இறக்குகிற சோம்பல் ஏற்றமும் எச்டிஎம்எல் படத்துக்கு இருக்கின்றன. அந்தச் சோம்பல் ஏற்றப் பண்பு பின்னணிப் படத்தில் வேலை செய்யாது.

2024 ஜூன் 17

பழைய கதை கொஞ்சம். இன்று மழை, வேலையும் குறைவு.

ஹோகன் வியும் லீ சேர்ன் ஆய்வுக்கூடத்தில் இருந்துகொண்டு சிஎஸ்எஸ் யோசனையை முன்வைத்தது 1994 அக்டோபரில். பேர்ட் பொஸ் அவரோடு சேர்ந்துகொண்டார். முதல் பதிப்பு இணையத் தரங்களை வகுக்கிற டபிள்யூ3சி அமைப்பின் பரிந்துரையாக வந்தது 1996 டிசம்பரில், பேக்ரவுண்ட்-இமேஜ் அதிலேயே இருந்தது. அதற்கு முன்பே நெட்ஸ்கேப் உலாவி பாடி குறிச்சொல்லில் பின்னணிப் படம் வைக்க விட்டது. சின்னப் படம் ஒன்றை ஓடு பதிப்பது போலப் பக்கம் முழுக்கப் பரப்புவார்கள். எழுத்து அதற்கு மேலே நீந்தும். 1999 இன் எச்டிஎம்எல் 4.01 அந்தப் பண்பைக் கைவிடச் சொன்னது.

2003 இல் டேவ் ஷே தொடங்கிய சிஎஸ்எஸ் ஜென் கார்டன் தளத்தை இன்றும் போய்ப் பார்க்கச் சொல்வேன். எச்டிஎம்எல் ஒன்றுதான், யாரும் அதைத் தொடக்கூடாது. சிஎஸ்எஸ்ஸை மட்டும் மாற்றி ஆளுக்கொரு தோற்றம் செய்வார்கள். எச்டிஎம்எல்லைத் தொட முடியாததால் எல்லாப் படமும் பின்னணியில்தான் வரும். எங்களில் பலருக்குப் பின்னணிப் படத்தின் மேல் ஆசை பிறந்தது அங்கேதான். அந்த ஆசை நல்லது. அந்தத் தளத்தில் படங்கள் எல்லாமே அலங்காரம், தகவல் முழுக்க எழுத்தில் இருந்தது. பார்த்துப் பழகியவர்கள் படத்தை எடுத்துக்கொண்டு இந்தப் பாதியை விட்டுவிட்டார்கள்.

அடுத்த வருடம், 2004 இல், அவரே சிஎஸ்எஸ் ஸ்பிரைட் பற்றி எழுதினார். சின்னச் சின்ன ஐகன்களை ஒரே படமாக அடுக்கி, பின்னணியை நகர்த்தி ஒவ்வொன்றாகக் காட்டுவது. ஒவ்வொரு கோப்புக்கும் தனிக் கோரிக்கை போன காலத்தில் அது பெரிய மிச்சம். 2015 இல் எச்டிடிபி/2 வந்து ஒரே இணைப்பில் பல கோப்புகள் ஒன்றாக வரத் தொடங்கிய பிறகு அந்தத் தேவை மிகவும் குறைந்துவிட்டது. பழைய கோப்புகளில் இன்னும் கிடக்கும். மைனஸ் 48, மைனஸ் 112 என்று எண்கள் வரிசையாக இருந்தால் அது ஸ்பிரைட். அதற்கு மேலே எந்த ஐகன் என்று குறிப்பு இல்லாவிட்டால், ஒன்றை மாற்றப்போய் ஒன்பதைக் குழப்புவீர்கள்.

2024 ஜூன் 18

நேற்றையதை வாசித்த ஒருவர், இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கு மட்டும் செல்கிற நிபந்தனைக் குறிப்புகள் சிஎஸ்எஸ்ஸில் இருந்ததாக எழுதியிருக்கிறார். அது எச்டிஎம்எல்லில். <!-- --> குறிக்குள் சதுர அடைப்பில் நிபந்தனையை எழுதினால் அந்த உலாவியின் 5 முதல் 9 வரையான பதிப்புகள் உள்ளே வாசிக்கும், மற்றவை வெறும் குறிப்பு என்று தாண்டும். 10 ஆம் பதிப்பில் அதை எடுத்துவிட்டார்கள்.

சிஎஸ்எஸ்ஸில் இருந்தது வேறு வித்தை. மேக் கணினிக்கான 5 ஆம் பதிப்பு, \*/ என்று முடிகிற குறிப்பை முடிந்ததாக எடுக்காது. அதனால் அதற்குப் பிறகு வருகிற விதிகளை அந்த உலாவிக்கு மட்டும் மறைக்க முடிந்தது. குறிப்பு என்பது மனிதருக்கு எழுதுவது. உலாவியை ஏமாற்ற அதைப் பாவித்த காலம் போனது எனக்குச் சந்தோஷம்.

இதோடு ஒன்று: <!-- --> குறியை சிஎஸ்எஸ் கோப்புக்குள் போட்டு ஒரு விதியை மறைத்துவிட்டதாக நினைக்காதீர்கள். விதிகளுக்கு வெளியே அந்தக் குறிகளை உலாவி கண்டுகொள்ளாது, நடுவில் இருக்கிற விதி வழமைபோல வேலை செய்யும். சிஎஸ்எஸ் தெரியாத ஆதிகால உலாவிகள் ஸ்டைல் பகுதியை எழுத்தாகக் காட்டிவிடாமல் இருக்கத்தான் அந்தச் சலுகை வைக்கப்பட்டது.

2024 ஜூலை 1

குறிப்பை எந்த மொழியில் எழுதுவது? இதைக் கேட்பார்கள் என்று தெரியும்.

எங்கள் வேலையிடத்தில் சிங்களம் பேசுகிறவர்கள் பாதிக்கு மேல். கோப்பு எல்லோர் கைக்கும் போகும், ஆகவே பொதுக் கோப்பில் ஆங்கிலத்தில் எழுதுகிறோம். தமிழ்ப் பக்கத்துக்கென்றே இருக்கிற கோப்பில் தமிழில் எழுதுகிறேன். அங்கே சொல்ல வேண்டியதும் தமிழைப் பற்றித்தான். உதாரணத்துக்கு:

/* தமிழ்த் தலைப்பு போனில் மூன்று வரி போகும். பெட்டியின் உயரத்தைக் கட்டி வைக்க வேண்டாம், எழுத்து பின்னணிப் படத்துக்கு வெளியே வழியும். */

ஆங்கிலத் தலைப்பை வைத்து உயரத்தை நிர்ணயித்தவருக்கு இது தெரிய வழியில்லை. அவருடைய திரையில் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். இதே கருத்தை ஆங்கிலத்திலும் ஒரு வரி பக்கத்தில் எழுதிவிடுவேன். இரண்டு முறை எழுதுவது வீண் வேலை இல்லை.

தமிழில் எழுதினால் கோப்பு உடையுமா என்று பயப்படுகிறார்கள். உடையாது. யூனிகோடு எழுத்தைக் கோப்பில் சேமிக்கிற யூடிஎஃப்-8 முறையில் தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். அந்த மூன்றும் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் இருக்கிற ஆஸ்கி எல்லைக்கு மேலே இருக்கும், ஆகவே தற்செயலாக ஒரு நட்சத்திரக் குறியோ சாய்கோடோ உண்டாகிக் குறிப்பு நடுவில் முடிய வழியே இல்லை.

கவனிக்க வேண்டிய இடம் வேறு. கோப்பின் குறியாக்கத்தைச் சொல்லும் @சார்செட் வரி கோப்பின் முதல் எழுத்தில் இருந்தே தொடங்க வேண்டும். அதற்கு மேலே ஒரு குறிப்பு, ஒரு வெற்று வரி இருந்தாலும் அது செல்லாது. தலையில் "இந்தக் கோப்பை எழுதியது இன்னார்" என்று பெரிய குறிப்பு வைக்கிறவர்கள் அதை இரண்டாவது வரிக்கு இறக்குங்கள். சர்வர் தலைப்பிலேயே யூடிஎஃப்-8 என்று சொன்னால் அதுதான் எடுபடும், பயமில்லை. அப்படிச் சொல்லாத சர்வரில், பக்கமும் வேறு குறியாக்கத்தில் இருந்தால் தமிழ் குழம்பும். குறிப்பில் குழம்பினால் பக்கத்துக்குக் கேடு இல்லை. ஆனால் பக்கத்தில் எழுத்தைச் சேர்க்கிற கன்டென்ட் பண்பில் தமிழ்ச் சொல் எழுதியிருந்தால் வாசகரின் திரையிலேயே குப்பையாகத் தெரியும்.

பாமினியைச் சொல்லாமல் விட முடியாது. இலங்கையில் பழைய கோப்புகளைத் திறந்தால் சில குறிப்புகள் ஆங்கில எழுத்துகளாகக் கண்டபடி கிடக்கும். குப்பை என்று அழித்துவிடாதீர்கள். பாமினி எழுத்துருவில் தட்டிய தமிழ் அது. அரைப்புள்ளி அடிக்கடி வந்தால் அதுதான் அடையாளம், பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளி அந்த விசையில்தான் இருக்கிறது. மாற்றியில் போட்டு யூனிகோடுக்குக் கொண்டுவந்தால் முன்பு இருந்தவர் சொன்னது விளங்கும். அப்படி மீட்ட ஒரு குறிப்பில், ஒரு கோயில் தளத்தின் பின்னணிக்கு ஏன் அந்தக் குறிப்பிட்ட மஞ்சள் என்று எழுதியிருந்தது: படத்தில் இருக்கிற சந்தனக் காப்பின் நிறம் அது. அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் நான் அந்த நிறத்தை மாற்றியிருப்பேன்.

2024 ஜூலை 2

நிபந்தனை ஒன்று. குறிப்பை யாரும் வாசிக்கலாம். பக்கத்தின் மூலத்தைத் திறந்தால் எச்டிஎம்எல் குறிப்பும் தெரியும், சிஎஸ்எஸ் குறிப்பும் தெரியும். கடவுச்சொல், வாடிக்கையாளரின் கைபேசி எண், அவர் இன்னும் காசு தரவில்லை என்கிற மனத்தாங்கல், இவை அங்கே வேண்டாம். தளத்தில் ஏற்றுகிறபோது சுருக்கும் கருவி பாவித்தால் அது குறிப்புகளை நீக்கிவிடும், மூலக் கோப்பில் மட்டும் இருக்கும். உரிமக் குறிப்பு போகக்கூடாது என்றால் /*! என்று தொடங்குங்கள், பெரும்பாலான கருவிகள் அதை விட்டுவைக்கும்.

2024 ஜூலை 8

ஆடிவேல் வருகிறது. செட்டியார் தெருவில் இருந்து காலி வீதி வழியாகப் பம்பலப்பிட்டிக்கு வருகிற தேரின் படத்தைப் போட்டு ஓர் அறிவிப்புப் பக்கம் செய்கிறோம். படத்தைத் தந்தவர் போனில் எடுத்ததை அப்படியே அனுப்பினார். 4000க்கு 3000 புள்ளி (பிக்சல்), பல எம்பி.

கோப்பின் எடை மட்டும் கணக்கு இல்லை. உலாவி அதை விரித்து வைக்கும்போது புள்ளிக்கு நான்கு பைட் வேண்டும். 4000 பெருக்கல் 3000 பெருக்கல் 4, அதாவது 4 கோடியே 80 இலட்சம் பைட் நினைவகம், ஒரு பின்னணிக்கு! மலிவான போனில் பக்கம் இழுபடுவது இதனால். அகலத்தை 1600க்குக் குறைத்து, எடை குறைந்த வெப்பி என்ற பட வகை ஆக்கினோம், கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. போனுக்கு இன்னொரு சின்னப் படம், திரை அளவைப் பார்க்கிற மீடியா நிபந்தனைக்குள். பொருந்தாத நிபந்தனைக்குள் இருக்கிற படத்தை உலாவி இறக்காது.

கவர் கொடுத்ததும் வந்தது பிரச்சினை. அகலமான படம், போனில் நெடுக்குப் பெட்டி. பேக்ரவுண்ட்-பொசிஷனை நடுவில் வைத்தால் தேர் பக்கவாட்டில் வெட்டுப்பட்டது. கணினியின் அகலத் திரையிலோ எதிர்ப்பக்கம், மேலும் கீழும் வெட்டி, தேரின் கலசம் போய்விட்டது. தேர்ப் படத்தில் கலசத்தை வெட்டினால் கோயிலில் யாரும் மன்னிக்க மாட்டார்கள். எனக்கும் பிடிக்காது. கிடையாக 70 வீதம், நெடுக்காக மேல் விளிம்பு என்று வைத்தோம். வீதக் கணக்கு சிலரைக் குழப்பும். 70 வீதம் என்றால் படத்தின் 70 வீதப் புள்ளி பெட்டியின் 70 வீதப் புள்ளியோடு பொருந்தும். படமும் பெட்டியும் ஒரே அகலமாக இருக்கிற நேரத்தில் எத்தனை வீதம் போட்டாலும் அசையாது, நகர இடம் இல்லையே.

மேலே எழுதியது:

/* ஆடிவேல் தேர். கலசம் வெட்டுப்படக்கூடாது, மேல் விளிம்பை மாற்ற வேண்டாம். தேர் படத்தின் வலப்பக்கம் நிற்பதால் 70 வீதம். புதுப்படம் போட்டால் இதைத் திரும்பப் பார்க்கவும். */

2024 ஜூலை 9

அதே பக்கம், எழுத்து. படத்துக்கு மேலே வெள்ளை எழுத்தில் நிகழ்ச்சி விவரம் வைத்தார்கள். தேரில் பூவும் விளக்கும் நிறைந்த இடம். தூரத்தில் இருந்து பார்த்தால் மெய்யெழுத்தின் புள்ளிகள் தொலைந்துவிட்டன. ஆங்கிலத்தில் ஒரு சின்னப் புள்ளி தெரியாவிட்டால் சொல் மாறாது. தமிழில் மெய்யும் உயிர்மெய்யும் புள்ளியால் மட்டும் பிரிகிறபோது, விளக்கு வெளிச்சத்தில் அது கலந்தால் வாசிக்கிறவர் தடுக்கி விழுவார்.

எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5க்கு 1 ஒளி வேறுபாடு வேண்டும் என்கிறது எல்லோரும் பாவிக்கக்கூடிய தளத்துக்கான வழிகாட்டியான டபிள்யூசிஏஜி, பெரிய எழுத்துக்கு 3க்கு 1. படத்துக்கு மேலே ஒரு கறுப்புச் சாய்வு நிறத்தை (கிரேடியன்ட்), படம் பின்னால் தெரியும்படி ஆனால் போதிய அடர்த்தியாகப் போட்டால் அந்த அளவு கிடைக்கும். பேக்ரவுண்ட்-இமேஜில் காற்புள்ளி போட்டு இரண்டையும் அடுக்கலாம். முதலில் எழுதுவது மேலே நிற்கும், ஆகவே சாய்வு முதலில், படம் பிறகு. எழுத்துக்கு நிழல் மட்டும் போட்டுச் சமாளிப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், தமிழ்ச் சுழிகள் நிழலில் இன்னும் அடைந்துபோகும்.

பின்னணி நிறத்தையும் கட்டாயம் கொடுங்கள். படம் வராவிட்டால் வெள்ளை எழுத்து வெள்ளைப் பக்கத்தில் கிடக்கும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் போனபோது இதை நேரில் பார்த்தோம். கரண்ட் போனால் எங்கள் பக்கம் போனில் சிக்னலும் தேயும், எழுத்து வரும், படம் வராது. கரண்ட் நேர அட்டவணை போட்டிருந்த ஒரு பக்கம் அந்த நேரத்தில் வெறும் வெள்ளையாகத் தெரிந்தது. எழுத்தைச் சுட்டியால் தெரிவு செய்தால்தான் வாசிக்க முடியும். ஒரு கருநீல நிறம் பின்னால் இருந்திருந்தால் போதும்.

2024 ஆகஸ்ட் 5

முதல் நாள் எழுதியதைத் திரும்ப யோசித்தேன். ஒவ்வொரு பின்னணிப் படத்துக்கும் குறிப்பு என்றேன். சாய்வு நிறங்களும் இலக்கணப்படி பின்னணிப் படம்தான், அவற்றுக்கெல்லாம் எழுதிக்கொண்டிருந்தால் கோப்பு கதைப் புத்தகம் ஆகும். ஆகவே இப்படிச் சுருக்குகிறேன்: முகவரியோடு வெளிக் கோப்பை அழைக்கிற இடம் எல்லாவற்றுக்கும் குறிப்பு. சாய்வுக்கு, அது எழுத்தைக் காப்பாற்றப் போட்டது என்றால் மட்டும்.

குறிப்பு என்ன சொல்கிறது என்பதும் முக்கியம். /* பின்னணிப் படம் */ என்று எழுதினால் அது கீழ்வரியையே திருப்பிச் சொல்கிறது, பிரயோசனம் இல்லை. /* முகப்புக்கு மட்டும். தைப்பொங்கல் முடிந்ததும் எடுக்கலாம், வேறெங்கும் பாவிக்கவில்லை */ என்றால் அடுத்தவர் துணிந்து கை வைப்பார். படத்தை எடுத்தால் குறிப்பையும் எடுங்கள். இல்லாத படத்துக்கு இருக்கிற குறிப்பு ஆளைத் தேட வைக்கும்.

முகவரி அடைப்புக்குள்ளே குறிப்பு எழுதப் பார்க்காதீர்கள். மேற்கோள் குறி இல்லாத முகவரிக்குள் /* என்பதையும் முகவரியின் பகுதியாகவே எடுக்கும்.

2024 ஆகஸ்ட் 19

முகப்புப் படம் பிந்தி வருகிறது என்று ஒரு கேள்வி. உலாவி எச்டிஎம்எல்லை மேலோட்டமாக ஓடிப் பார்த்து முன்கூட்டியே படங்களைக் கேட்கும். சிஎஸ்எஸ்ஸுக்குள் இருக்கிற படம் அந்த ஓட்டத்தில் அகப்படாது. சிஎஸ்எஸ் வந்து, அந்த விதி பக்கத்தில் இருக்கிற ஒரு பெட்டிக்குப் பொருந்துகிறது என்று தெரிந்த பிறகுதான் கேட்கும். படத்தை முன்கூட்டியே இறக்கச் சொல்கிற ப்ரீலோட் இணைப்பு ஒன்றை எச்டிஎம்எல்லின் தலைப் பகுதியில் போட்டால் சீக்கிரம் வரும். ஆனால் திறந்ததும் முதலில் கண்ணில் படுகிற பெரிய படத்தை எச்டிஎம்எல்லில் வைத்தால் இந்த வேலையே இல்லை. ஜூன் 10 இல் சொன்னதற்கு இது இன்னொரு காரணம்.

பின்னணியை அசையாமல் நிறுத்தி எழுத்தை மட்டும் உருள விடுகிற ஃபிக்ஸ்ட் வித்தை பற்றியும் கேட்டிருக்கிறார்கள். ஐபோனில் அது ஒழுங்காக நடக்காது, மலிவான போனில் உருட்டும்போது திணறும். நான் போடுவதில்லை.

2024 செப்டம்பர் 2

மண்டபத்தார் திரும்ப வந்தார்கள். எழுத்தெல்லாம் இப்போது எழுத்தாக இருக்கிறது, அண்ணருக்கும் எண் கேட்டது. அவர்களின் புதுக் கேள்வி அச்சு: விலைப்பட்டியலைப் பிரிண்ட் எடுத்தால் லோகோ வரவில்லை.

லோகோ பின்னணியில் இருந்தது. மை மிச்சப்படுத்த உலாவிகள் அச்சில் பின்னணியை இயல்பாக விட்டுவிடும். அச்சுப் பெட்டியில் பின்னணியையும் சேர்க்கச் சொல்லி ஒரு தெரிவு இருக்கிறது, ஆனால் கல்யாணத்துக்கு மண்டபம் பார்க்க வருகிறவரிடம் அதைத் தேடி அமுக்குங்கள் என்று சொல்ல முடியாது. லோகோவை எச்டிஎம்எல் படமாக்கி, மண்டபத்தின் பெயரை மாற்றுரையாகக் கொடுத்தோம். அட்டவணையில் ஒன்றுவிட்டு ஒன்று வருகிற சாம்பல் நிற வரிசைகள் மட்டும் அச்சிலும் வேண்டும் என்றார்கள். அந்த அட்டவணைக்கு மட்டும் பிரிண்ட்-கலர்-அட்ஜஸ்ட் என்ற பண்பில் எக்ஸாக்ட் கொடுத்தோம், வருகிறது.